கீரனூர் ரோட்டில் தொங்கிய என் படம்

மாற்றல் என்று போன் வந்தபோது அடுப்பில் தோசை. "ஒடிசா மலைப் பக்கம், சிஸ்டர். மாசக் கடைசிக்குள்ள அங்க இருக்கணும்" என்றார்கள். "சரி" என்றேன். ஊழியத்துக்கு என்று வந்தவளுக்கு அதைத் தவிர வேறு பதில் கிடையாது. போனை வைத்துவிட்டு, தோசையைத் திருப்ப மறந்து, கருகவிட்டு, கருகினதையும் வீணாக்காமல் தின்று முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. புதுக்கோட்டைச் சீமையில், குன்றாண்டார்கோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இந்த ஊருக்கு என்னை மிஷனிலிருந்து அனுப்பியபோது முதல் வருஷம் பூராவும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். மீன் கிடையாது, வருகிற மீனும் ஐஸில் கிடந்து நாலு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற மீன். மழை கிடையாது. திரும்பின பக்கமெல்லாம் செம்மண், தைல மரம், வெயில். ஒரு சின்ன ஜெபக்கூடம், சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், பெண்களுக்குத் தையல் வகுப்பு, இதுதான் என் வேலை. எப்போது இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது என்று தெரியவில்லை. இப்போது சொந்த ஊருக்குப் போனால் வேர்த்துக் கசகசக்கிறது, தூக்கம் வருவதில்லை. அங்கே என்னைப் 'புதுக்கோட்டைக்காரி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

கிளம்புவதற்கு முன்னால் நான் ஊழியம் செய்த சுற்றுவட்டாரத்து எல்லா ஊருக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். போனில் சொன்னால் போதாதா என்று மிஷன் அலுவலகத்தில் கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் போனில் சொல்வதெல்லாம் சொன்ன கணக்கில் சேராது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

ஜெபக்கூடம் கட்டும்போது எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையா அண்ணன். அவர் கும்பிடுவது அய்யனாரை. ஆனாலும் தன் போர்க் கிணற்றிலிருந்து ஓஸ் குழாய் போட்டு, கடைசிப் பூச்சு காய்கிற வரைக்கும் தண்ணீர் விட்டார். "எந்தச் சாமியா இருந்தா என்ன, சிமெண்டு தண்ணி குடிக்காம நிக்குமா?" என்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கூடப்பிறந்தவர் என்று எனக்கு ஒருத்தரும் இல்லை. அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எந்த வேலையில் இருந்தாலும் நின்று திரும்பிப் பார்ப்பேன்.

ஜெபக்கூடத் திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடித்தோம். எங்கள் வாலிபர் சங்கத்தார் வீடு வீடாகப் போய் வைத்தார்கள். அண்ணன் வீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை. கேட்டில் சொருகிவிட்டு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், தீர்ந்தது கதை! விழாவுக்கு அண்ணன் வரவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. "பேப்பர் போடுற மாதிரி போட்டுட்டுப் போனா நான் எந்த மொறையில வாரது?" என்று கேட்டாராம். ஊரும் அவர் பக்கம்தான் பேசியது. சமாதானம் செய்ய நான் போகும்போதெல்லாம் அவர் மனைவி சரோஜா மதினி காபி கொடுப்பார். அண்ணன் கொல்லை வழியாகத் தோட்டத்துக்கு நழுவிவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, இந்த ஒரு மனுஷனிடம் ஒரு வார்த்தை வாங்காமல் ரயிலேறுவதா? அந்தக் கவலைதான் என்னைத் தின்றது.

ஆகவே வியாழக்கிழமை முதல் வேலையாக அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வழியனுப்பு ஜெபமும் சாப்பாடும் வைத்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து முறையாக எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்றார் மதினி. "இப்பத்தான் இங்கிட்டு இருந்தாக. ஒங்க சத்தம் கேட்டதும் அங்கிட்டுப் போயிட்டாக."

"மதினி, நான் ஊரை விட்டே போறேன். அதுக்காவது நிக்கக் கூடாதா?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மோட்டாரைப் பாக்கப் போறேன்னுட்டாக. ஓடாத மோட்டாரை எத்தன தடவ பாப்பாகளோ!"

தட்டை நீட்டினேன். மதினி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அவுக கையில குடுத்தாத்தான் சிஸ்டர் அழைப்பு. நான் வாங்கிட்டேன்னு வைங்க, அதுக்கு ஒரு சண்டை வரும்."

தட்டோடு வெளியே வந்தேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இந்த வயதில் இத்தனை வீம்பு ஒரு மனுஷனுக்கு ஆகாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த ஊர்களில் ஆத்திரப்பட நேரமில்லை, சாப்பிடத்தான் நேரம். முதல் வீட்டில் இட்லியும் கடலைச் சட்னியும். இரண்டாவது வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். மூன்றாவது வீட்டில் காலை வெயில் ஏறுவதற்குள் கோழிக் குழம்பு. "சாப்பிட்டுட்டேன்மா" என்றால், "எங்க வீட்டுல சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் மூஞ்சி சுருங்கிவிடும். இலையைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அழுகிறார்கள். அழுதுகொண்டே இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிறார்கள். தின்ன முடியாமல் நானும் அழுதேன். இப்படி ஊட்டுகிற ஜனத்தை எங்கே போய்த் தேடுவேன்?

தையல் வகுப்புக்கு வந்த ஒருத்தி, சேவலின் காலைக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டாள். மினி பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சேவலுக்கு டிக்கெட் கேட்டார்.

"மடியிலதானே வச்சிருக்கேன் தம்பி?"

"மடியில வச்சா கைப்பிள்ளைக்குத்தான் டிக்கெட் இல்ல சிஸ்டர். சேவலுக்கு உண்டு."

நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. கட்டு அவிழ்ந்தது. சேவல் எழும்பி, முன்னால் தூங்கிக்கொண்டு வந்த பெரியவரின் தலைமேல் உட்கார்ந்து ஒரு கூவு கூவியது. அவர் "விடிஞ்சிருச்சா?" என்று எழுந்தார். பஸ்ஸை நிறுத்தி, ஆளாளுக்குத் துரத்திப் பிடித்துக் கொடுத்தார்கள். கண்டக்டர் சிரித்துச் சிரித்து டிக்கெட்டை மறந்துவிட்டார். அந்தச் சேவலை ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை. இந்த டவுனில் வீதிகள் எல்லாம் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கும், அதனாலேயே எந்த மூலையும் ஒரே மூலையாகத் தெரியும். வந்த புதிதில் ராஜ வீதிகளில் சுற்றிச் சுற்றி ஒரே செருப்புக் கடைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறேன். தையல் வகுப்புக்கு நூல் வாங்குகிற கடை பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் உள்ளே போய் ஒரு டப்பா நிறைய மெஷின் ஊசி கொண்டுவந்து வைத்தார்.

"எதுக்கு பாய்? ஒடிசாவுல ஊசி கிடைக்காதா?"

"கிடைக்கும்மா. நான் குடுத்தது கிடைக்காதுல்ல."

மத்தியானம் பரோட்டாக் கடையில் முட்டை மாஸ் சாப்பிட்டேன். அவித்த முட்டையை வெங்காயம் தக்காளி மசாலாவில் போட்டுப் பிரட்டித் தருவார்கள். மீன் இல்லாத குறையை இந்த ஊர் எனக்கு முட்டையால் தீர்த்து வைத்தது. கடைசித் தடவை என்று நினைத்ததும் இன்னொரு பிளேட் சொன்னேன்.

திரும்பும்போது பஸ் கீரனூரில் நின்றது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய பேனர். கறுப்புப் பின்னணி. இரண்டு ஓரத்திலும் எரிகிற விளக்கு, கீழ் மூலையில் வெள்ளை ரோஜா. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில், ஆதார் அட்டைக்கு எடுத்த அதே முறைப்போடு நான்.

என் பக்கத்தில் இருந்த அம்மா உச்சுக் கொட்டினார். "பாவம், யாரோ சிஸ்டரு. நல்லாத் தெடமாத்தான் இருந்திருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஒங்க அக்காவாம்மா?"

"நான்தாம்மா அது" என்றேன்.

அந்த அம்மா எழுந்து டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டேனியலுக்கு போன் போட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், எங்கள் வாலிபர் சங்கத் தலைவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வழியனுப்பு விழாவுக்கு எனக்குத் தெரியாமல் பேனர் வைத்து அசத்த வேண்டும் என்று பேனர் கடைக்காரருக்குப் படத்தை அனுப்பிவிட்டு, போனில் பேசியிருக்கிறான்.

"நான் சரியாத்தான் ஆரம்பிச்சேன் சிஸ்டர். எங்க சிஸ்டருக்கு ஒரு பேனர்னு சொன்னதுமே எனக்கு அழுகை வந்துருச்சு. குலுங்கிக் குலுங்கி அழுதுட்டேன். அவரு, சரி தம்பி, மனசத் தேத்திக்கங்க, நான் பாத்துக்கறேன்னு வச்சுட்டாரு. கட்டுறதும் அவுக ஆளுகதான். நான் இன்னும் பாக்கவே இல்ல."

"ஒரு இடத்துலயா?"

"ரோட்டுல வரிசையா, சிஸ்டர்."

"கழட்டுடா, ஓடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கழற்றினான், இருட்டில் விட்டுப்போன ஒன்றிரண்டைத் தவிர. ஆனால் அதற்குள் வாட்ஸ்அப் வேலை செய்துவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. "சிஸ்டர் எப்படிங்க தவறுனாங்க?" என்று ஒருவர். "இன்னும் தவறலைங்க" என்றேன். "எடுக்கிறது எப்பங்க?" என்று இன்னொருவர். "ஞாயித்துக்கிழமைங்க. கறிச் சாப்பாடு உண்டு, அவசியம் வாங்க" என்றேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்காக வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தார்கள். பார்த்தால் சாவு வீடேதான். தெரு முக்கிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு "என்னப் பெத்த தாயே" என்று ஓடி வந்த பெண்களை நானே வாசலில் நின்று வரவேற்றேன். ஒருத்தி என்னைப் பார்த்ததும் அலறி, பிறகு திட்ட ஆரம்பித்தாள். "உசுரோட இருக்கேன்னு ஒரு போனு போட்டாத்தான் என்ன? நான் களையெடுப்பைப் போட்டுட்டு வந்திருக்கேன்!" திட்டி முடித்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றாள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? அண்டாவில் டீ போட்டோம்.

டீத் தட்டோடு நான் சாமியானாவுக்குள் வந்தபோது ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. கருப்பையா அண்ணன். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பை வெளியிலேயே விட்டார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் போய் நின்று தட்டை நீட்டினேன்.

"டீ எடுத்துக்கங்கண்ணே."

"வேணாம்மா" என்றார் தலை நிமிராமல். "எடுக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி இறங்காது."

"யாரை எடுக்கிற வரைக்கும்?"

நிமிர்ந்தார். பேய் அறைந்தாற்போல் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்தார், திறந்திருந்த வீட்டு வாசலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "தங்கச்சி" என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

"கடைக்காரர் தப்பாப் போட்டுட்டாருண்ணே. மாற்றல்தான். ஒடிசாவுக்கு."

"எவன்டா அவன்?" என்று ஒரு கத்துக் கத்தினார். டேனியல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்விட்டான். துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்து, இடுப்புத் துண்டை உருவி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். மடியிலிருந்த பை நழுவி விழுந்தது. உள்ளே இருந்து ஒரு புதுச் சேலை எட்டிப் பார்த்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. டேனியலின் அம்மாதான் என் காதில் சொன்னார். "கோடி, சிஸ்டர்."

இந்தப் பக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். பிறந்த வீட்டு ஆள் வராமல் தூக்க மாட்டார்கள்.

"ஒனக்குன்னு யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கேல்ல" என்றார் அண்ணன் துண்டுக்குள்ளிருந்து. "இன்னைக்குக் காலையில மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டக் குடுக்கப் போனேன். கீரனூர்ல அந்தப் போர்டைப் பாத்துட்டேன். மோட்டாரைக் கடையில போட்டுட்டு அப்படியே துணிக்கடையில ஏறிட்டேன். கோடி போட ஆளில்லாமத் தூக்கிருவாகளேன்னு."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நான் அழைக்காம எப்படிண்ணே வந்தீங்க?"

"சாவுக்கு எவனாச்சும் அழைப்பானா? நல்லதுக்குத்தான் அழைக்கணும்." சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி யோசித்தார். "ஒனக்குன்னா நல்லதுக்கும் அழைப்பு வேணாம்தான். எம்புத்திக்கு இப்பத்தான் ஒறைக்குது."

பையை எடுத்து மறைக்கப் பார்த்தார். "வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாதுண்ணே, கண்மாயில போட்டுருங்க" என்று பெண்கள் சொன்னார்கள். நான் பிடுங்கிக்கொண்டேன். மயில் கழுத்து நிறம், ஓரத்தில் மெல்லிசான சரிகை. வெளிறின காட்டன் சேலையைத் தவிர நான் வேறு எதையும் கட்டினதில்லை.

"உசுரோட இருக்கும்போது இப்படி ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்னு தோணலையாண்ணே?"

"அதக் குடு தங்கச்சி. கட்டக் கூடாது. ஆகாது."

"தரமாட்டேன். எங்கண்ணன் எனக்கு எடுத்த சேலை. ஒடிசா எங்க கிடக்கு, கீரனூர் எங்க கிடக்கு? நான் நிஜமாப் போகும்போது நீங்க அங்க வந்து சேர முடியுமோ என்னவோ. இப்பவே கட்டிக்கறேன்."

ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலிருந்து டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "சீனி பத்தல" என்றார்.

அன்று சாயங்காலம் வெற்றிலைத் தட்டோடு மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். சட்டை போட்டு, திருநீறு பூசி, கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். மதினி பின்னால் நின்று முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிகிற வரைக்கும் அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பந்தி தொடங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கிவிட்டார். முதல் பந்தியில் உட்காருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "பொண்ணு வீட்டு ஆளு கடைசியிலதான் சாப்புடணும்" என்றார். நான் அந்தச் சேலையைக் கட்டியிருந்தேன். முதலில் ஒதுங்கி நின்ற பெண்கள், சாப்பாடு முடிவதற்குள் துணியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செத்த பிறகு தனக்காக யார் யார் வருகிறார்கள் என்று எந்த மனுஷருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அதைக் காட்டித்தான் ஆண்டவர் இந்த ஊரிலிருந்து அனுப்பி வைத்தார். கோடி ஸ்தோத்திரம் சொன்னாலும் ஈடாகாது.

ரயிலில் எதிர் சீட்டு அம்மா தன் கணவரிடம், "அவங்க கட்டியிருக்கிற சேலை என்ன அழகான நிறம், எங்கே வாங்கினதுன்னு கேளுங்களேன்" என்று இந்தியில் சொல்வது அரைகுறையாகப் புரிந்தது. "என் அண்ணன் எடுத்துக் கொடுத்தது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது.

"நான்தான்" என்றார் அண்ணன். "ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்கேண்ணே."

"சரி, வச்சிர்றேன்."

இங்கே ஒடிசா மலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் சிக்னல் கிடைக்கிறது. மூட்டு வலிக்க ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏறிப் போய் நின்றுகொள்வேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்துவிடும். மழை, பயிர், மதினி, மோட்டார், எதைப் பற்றியும் பேச்சு இல்லை.

"இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"இரு."